டிகிரி முடிச்சாச்சு, வேலையும் இருக்கு. இப்போ நர்சிங் போகலாமா?

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு எதுவும் இல்லை. எங்க வீட்டுக் கதை ஒண்ணு. ஆனா உங்கள்ல பல பேர் மனசுல ஓடுற கேள்விதான் இது.

என் சித்தி பொண்ணுக்கு 24 வயசு. ஊர் எளாவூர் பக்கம். ஸ்டேஷன்ல இறங்கி கிழக்கால போனா பழவேற்காடு ஏரி ஓரமா மீனவ கிராமங்கள் இருக்கே, அதுல ஒண்ணு. பி.காம். முடிச்சுட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட். கையில வர்றது மாசம் 16,500 ரூபாய். போன வருஷம் எங்க பாட்டிக்கு உடம்பு சரியில்லாம பதினோரு நாள் ஆஸ்பத்திரியில இருந்தப்போ, கூடவே இருந்தது இவதான். வீட்டுக்கு வந்த அன்னிக்கே சொல்லிட்டா: "அண்ணா, நான் நர்சிங் படிக்கப் போறேன்."

சித்தப்பாவுக்கு வந்ததே கோபம். "மூணு வருசம் காலேஜுக்குக் கட்டினதெல்லாம் ஏரியில கரைச்ச பெருங்காயமா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அப்புறம் ரெண்டு நாள் யாரோடும் பேசலை.

பணக் கணக்கு பார்க்கிறவன் நான்தானே? ரெண்டு பேரும் என்கிட்டதான் வந்தாங்க. நான் போட்டுக் கொடுத்த கணக்கைத்தான் இங்கே எழுதுறேன். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: போன மூணு வருஷத்தைக் கணக்குல சேர்க்காதீங்க. வரப்போற மூணு வருஷத்தைச் சேர்க்காம விட்டுடாதீங்க. நிறைய பேர் இதைத் தலைகீழா செய்யறாங்க.

போனது போச்சு

சித்தப்பாவுக்குப் புரியற மாதிரி சொல்ல அவர் தொழில்லயே ஒரு உதாரணம் இருந்தது. பழவேற்காடு ஏரியில 'பாடு' முறைன்னு ஒண்ணு உண்டு. எந்த இடத்துல எந்த நாள் யார் வலை போடணும்னு ஊருக்குள்ள முறை வச்சுப் பிரிச்சுக்குவாங்க. நேத்து உங்க பாடு நல்லா அமையலைன்னு வைங்க. நேத்து செலவான டீசலையும் உழைப்பையும் நினைச்சு இன்னிக்கு அதே இடத்துல போய் நிற்பீங்களா? நிற்க மாட்டீங்க. இன்னிக்கு எங்கே போட்டா மீன் வரும்னுதான் பார்ப்பீங்க.

பி.காம். அதே மாதிரிதான். அவ நர்சிங் போனாலும் சரி, போகலைன்னாலும் சரி, அந்தக் காசு திரும்ப வராது. அதனால "படிச்ச படிப்பு வீணாப் போகுமே"ங்கிற ஒரே காரணத்துக்காகப் பிடிக்காத வேலையில இன்னும் முப்பது வருஷம் உட்காருவது கணக்கே இல்லை. இதுல நான் அவ பக்கம்.

ஆனா இங்கேயே அவளுக்கு ஒரு அதிர்ச்சியும் கொடுக்க வேண்டியிருந்தது.

உங்க டிகிரிக்கு இங்கே டிஸ்கவுண்ட் கிடையாது

யூட்யூப்ல அமெரிக்கா வீடியோ பார்த்திருப்பீங்க. அங்கே வேற டிகிரி முடிச்சவங்களுக்குன்னே 12-லிருந்து 18 மாசத்துல முடியற நர்சிங் பட்டப் படிப்பு இருக்கு. இந்தியாவுல அப்படிக் குறுக்கு வழி எதுவும் இல்லை. நீங்க பி.காம்., பி.இ., எம்.பி.ஏ. எது முடிச்சிருந்தாலும் முதல் வருஷத்துல பதினேழு, பதினெட்டு வயசுப் பசங்களோடதான் உட்காரணும்.

இன்னும் ஒரு விஷயம். எந்தக் கதவு திறக்கும்னு முடிவு பண்றது உங்க டிகிரி இல்லை, பிளஸ் டூ-ல நீங்க எடுத்த குரூப்.

பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். இதுக்கு பிளஸ் டூ-ல இயற்பியல், வேதியியல், உயிரியல் மூணும் படிச்சிருக்கணும். அந்த மூணுலயும் சேர்த்து 45 சதவீதம் வேணும், ஆங்கிலத்துல பாஸ் ஆகியிருக்கணும். இது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு மதிப்பெண்ல தளர்வு உண்டு. நீங்க பிளஸ் டூ-ல காமர்ஸ் குரூப்னா இந்தக் கதவு மூடியிருக்குன்னு அர்த்தம்.

ஜி.என்.எம். டிப்ளமோ 3 வருஷம். கவுன்சில் விதிப்படி எந்த குரூப்பா இருந்தாலும் ஆங்கிலத்தோட 40 சதவீதம் போதும். ஆனா அறிவியல் படிச்சவங்களுக்கு முன்னுரிமை உண்டு. இதை முடிச்சுப் பதிவு பண்ணின பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. 2 வருஷம் படிச்சா பட்டமும் கிடைக்கும்.

எங்க பொண்ணு காமர்ஸ் குரூப். ஆக அவளுக்கு வழி ஜி.என்.எம். மட்டும்தான். வயது வரம்பு, பெண்களுக்கு மட்டுமா, எந்த குரூப்பை எடுத்துக்குவாங்கங்கிறதெல்லாம் அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரின்னு மாறும். அந்த வருஷத்து விண்ணப்பக் கையேட்டை முழுசாப் படிங்க. "என் ஃப்ரெண்டுக்குக் கிடைச்சுதே" என்பதை நம்பி வேலையை விடாதீங்க.

ஒரு வருஷ கோர்ஸ்ல ஏமாறாதீங்க

இவ நர்சிங் பேச்சை எடுத்த வாரமே யாரோ ஒரு நோட்டீஸ் கொண்டு வந்து கொடுத்தாங்க. "ஒரே வருடத்தில் நர்சிங் டிப்ளமோ, எந்த குரூப்பும் சேரலாம், 100 சதவீதம் வேலை உறுதி." ஃபீஸ் 45,000. அவளுக்குக் கண்ணு விரிஞ்சுடுச்சு. மூணு வருஷம் ஒரு வருஷமாகுதே!

நண்பர்களே, நர்ஸ் என்று சட்டப்படி வேலை பார்க்க மாநில கவுன்சில்ல பதிவு வேணும். நம்ம ஊர்ல அது தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில். 1926-ம் வருஷச் சட்டத்துல உருவான அமைப்பு. நீங்க சேரப்போற கல்லூரி மாநில கவுன்சில், இந்திய நர்சிங் கவுன்சில் ரெண்டுலயும் அங்கீகாரம் வாங்கியிருக்கான்னு பார்க்கணும். இல்லைன்னா படிச்சு முடிச்சாலும் உங்களுக்குப் பதிவு எண் கிடைக்காது. பதிவு எண் இல்லைன்னா அரசு வேலையும் இல்லை, வெளிநாடும் இல்லை. பெரும்பாலும் உதவியாளர் வேலையிலயே நின்னுடுவீங்க.

நான் அவளுக்குச் சொன்னது ஒரே கேள்விதான். அந்த இன்ஸ்டிடியூட்டுக்கு போன் பண்ணி, "இதை முடிச்சா எனக்கு ஆர்.என்.ஆர்.எம். பதிவு கிடைக்குமா?" என்று கேள். கேட்டா. "நேர்ல வாங்க மேடம், எல்லாம் பேசிக்கலாம்" என்று பதில் வந்தது. நோட்டீஸைக் கிழிச்சுப் போட்டோம்.

இப்போ கணக்குக்கு வருவோம்

ஃபீஸ் எவ்வளவுன்னு எல்லாரும் கேட்கிறாங்க. அது சின்னச் செலவு. பெரிய செலவு, நீங்க விடப்போற சம்பளம். ஜி.என்.எம். முழுநேரப் படிப்பு. வார்டுல மாத்தி மாத்தி டியூட்டி இருக்கும். பகல்ல வேலை, சாயந்திரம் கிளாஸ் என்பதெல்லாம் நடக்காது.

அவ கணக்கு இது. உங்க எண்களைப் போட்டுப் பாருங்க.

விடப்போற சம்பளம்: 16,500 பெருக்கல் 36 மாசம், 5,94,000 ரூபாய்.
ஃபீஸ், ஹாஸ்டல், சீருடை, புத்தகம் எல்லாம் சேர்த்து தனியார் கல்லூரிக்கு நாங்க வச்சுக்கிட்ட தொகை: 3,00,000.
மொத்தம்: 8,94,000 ரூபாய்.

இது உண்மையான விலை. பி.காம்.க்கு ஆன செலவு இதுல ஒரு ரூபாய்கூட இல்லை, கவனிச்சீங்களா?

அடுத்து வரவு. அவ இந்த வேலையிலேயே இருந்து வருஷம் 7 சதவீதம் உயர்வு வந்தா, மூணு வருஷம் கழிச்சு சம்பளம் சுமார் 20,200 ஆகியிருக்கும். நர்ஸ் சம்பளத்தை அதோடதான் ஒப்பிடணும், இன்னிக்கு வாங்கற 16,500-ஓட இல்லை. மூணு விதமா பார்க்கலாம்.

ஒண்ணு: முடிச்சதும் மாசம் 18,000-க்கு வேலை கிடைக்குது. இருந்த வேலையில வந்திருக்கக்கூடிய சம்பளத்தைவிட 2,200 குறைவு. அந்த 8,94,000 திரும்ப வரவே வராது.

ரெண்டு: மாநில அரசுல நிரந்தரப் பணி. அடிப்படைச் சம்பளமே 35,000-க்கு மேல, அகவிலைப்படி தனி. அடிப்படையை மட்டும் எடுத்தாலே மாசம் 14,800 கூடுதல். போட்ட பணம் சுமார் 5 வருஷத்துல திரும்ப வந்துடும்.

மூணு: எய்ம்ஸ் மாதிரி மத்திய அரசு நிறுவனத்துல நர்சிங் ஆபீசர். 7-வது ஊதியக் குழுவுல லெவல் 7, அடிப்படை 44,900. கூடுதல் மாசம் 24,700. சுமார் 3 வருஷத்துல கணக்கு நேராயிடும்.

மூணும் ஒரே படிப்பு, ஒரே பதிவு எண். வித்தியாசம், கடைசியில யார் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கப் போறாங்கங்கிறதுல மட்டும்தான். அதனால "நர்சிங்ல நல்ல ஸ்கோப் இருக்கா?" என்று கேட்காதீங்க. "எந்த வாசல் வழியா நான் வேலைக்குள்ள போகப் போறேன்?" என்று கேளுங்க.

ஒவ்வொரு வாசல்லயும் ஒரு வரிசை

அரசு வேலைன்னா உடனே நிம்மதின்னு நினைக்காதீங்க. தமிழ்நாட்டுல மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012-ல் வந்தது. அதன் மூலமா எடுத்த நர்சுகள் முதல்ல தொகுப்பூதியத்துலதான் சேர்ந்தாங்க. 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல ஆயிரக்கணக்கான நர்சுகள் போராட்டம் நடத்தினப்போ அவங்க வாங்கிக்கிட்டு இருந்தது மாசம் 7,700 ரூபாய். அப்புறம் அது 14,000, 18,000-னு ஏறுச்சு. ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு நினைச்சு வந்தவங்கள்ல பல பேருக்கு அது பல வருஷம் இழுத்தது. கொரோனா காலத்துல ஒப்பந்தத்துல எடுத்த 2,472 நர்சுகளோட பணி 2022 டிசம்பர் 31-ஓட முடிஞ்சது. ஆக மேலே நான் சொன்ன "5 வருஷம்" எண்ணத் தொடங்கறது நிரந்தரமான தேதியிலிருந்துதான், வேலைக்குச் சேர்ந்த தேதியிலிருந்து இல்லை.

எய்ம்ஸ் வாசலுக்கு நார்செட் தேர்வு இருக்கு. பொதுப் பிரிவுக்கு வயசு 30 வரைக்கும். ஓ.பி.சி.க்கு 3 வருஷம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 வருஷம் தளர்வு. ஜி.என்.எம். படிச்சவங்களுக்கு 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில 2 வருஷ அனுபவமும் வேணும். எய்ம்ஸ்ல 80 சதவீத இடம் பெண்களுக்கு, 20 சதவீதம்தான் ஆண்களுக்கு. தம்பிங்களா, இதையும் கணக்குல வச்சுக்குங்க.

வயசைக் கூட்டிப் பாருங்க. இன்னிக்கு 24, படிப்பு முடியும்போது 27, அனுபவம் சேர்த்தா 29. இடைவெளி கொஞ்சம்தான். 28 வயசுல இந்த முடிவை எடுத்தா 33-ல வந்து நிற்பீங்க. அந்த வாசல் பெரும்பாலும் மூடியிருக்கும். வேற டிகிரி முடிச்சுட்டு வர்றவங்களுக்கு ஃபீஸைவிட வயசுதான் பெரிய செலவுன்னு நான் சொல்றது இதனாலதான்.

தனியார்ல வேலைன்னா படுக்கை எண்ணிக்கையைக் கேளுங்க. தனியார் நர்சுகள் சம்பளம் பத்தி உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னதுக்கு அப்புறம் மத்திய அரசு அமைச்ச குழு ஒரு அளவு சொல்லுச்சு. 200 படுக்கைக்கு மேல இருந்தா மாநில அரசு நர்சுக்கு இணையான சம்பளம். 100-க்கு மேல இருந்தா அதைவிட 10 சதவீதம் குறைவு, 50-க்கு மேல இருந்தா 25 சதவீதம் குறைவு. 50-க்குக் கீழ இருந்தாலும் 20,000-க்குக் குறையக் கூடாது. அது பரிந்துரைதான், செயல்படுத்த வேண்டியது மாநிலங்கள். கேரளா 2018 ஏப்ரல்ல 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமா அறிவிச்சது. அதுக்கு முன்னாடி அங்கே நர்சுகள் எத்தனை வருஷம் தெருவுல நின்னாங்கன்னு செய்தி பார்த்தவங்களுக்குத் தெரியும். நீங்க இன்டர்வியூ போகும்போது இந்த அளவை மனசுல வச்சுக்கிட்டுப் பேசுங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துட்டு வேலையில சேரச் சொன்னா சேராதீங்க.

வெளிநாடு? போகலாம். ஆனா அதுக்குத் தனியா நேரமும் காசும் வேணும். ஜெர்மனின்னா அவங்க மொழி, பொதுவா பி2 நிலை வரைக்கும். பிரிட்டன்னா ஐ.இ.எல்.டி.எஸ்.-ல பேசறது, கேட்கறது, படிக்கறதுல 7, எழுதறதுல 6.5. இல்லைன்னா ஓ.இ.டி. தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இருக்கு, முதல்ல அங்கே விசாரிங்க. பதிவு பெற்ற ஏஜென்ட் உங்ககிட்ட வாங்கலாம்னு சட்டம் சொல்ற சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். லட்சக்கணக்குல கேட்டா எழுந்து வந்துடுங்க.

வேலையை விடறதுக்கு முன்னாடி நாலு விஷயம்

முதல்ல மருத்துவக் காப்பீடு. 21,000 வரைக்கும் சம்பளம்னா உங்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கும். உங்களை நம்பியிருக்கிற அப்பா அம்மாவுக்கும் அதுல சிகிச்சை கிடைச்சிருக்கலாம். வேலையை விட்டா அதுவும் போகும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள்ள வந்தா முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு விண்ணப்பிங்க. இல்லைன்னா தனியா ஒரு பாலிசி எடுத்துட்டு அப்புறம் ராஜினாமா எழுதுங்க.

ரெண்டாவது, பி.எஃப். வேலையை விட்ட கையோட அதை எடுத்து ஃபீஸ் கட்டணும்னு தோணும். 5 வருஷ சர்வீஸ் முடியாம எடுத்தா அது வரிக் கணக்குல வரும். அதைவிட முக்கியம், அது உங்க வயசான காலத்துப் பணம். யு.ஏ.என். அப்படியே இருக்கட்டும், வட்டி ஓடும். அடுத்த வேலையில இணைச்சுக்கலாம்.

மூணாவது, கல்விக் கடன். வங்கிகளோட மாதிரித் திட்டத்துல 4 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் தேவையில்லை. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம். ஆனா 3 லட்சம் கடன், 10.5 சதவீதம், 7 வருஷம்னு போட்டா தவணை மாசம் சுமார் 5,060. படிக்கும்போது ஏறுற வட்டியை அப்பப்போ கட்டிட்டா மட்டும்தான் இந்தத் தொகை. 18,000 சம்பளத்துல அது கால் பங்குக்கு மேல. "80இ-ல வரி மிச்சம்" என்று யாராவது சொன்னா சிரிச்சுட்டு விட்டுடுங்க. அந்தச் சம்பளத்துக்கு வரியே வராது, அப்புறம் எதுல மிச்சம்?

நாலாவது, வீட்டுச் செலவு. உங்க சம்பளத்தை நம்பி வீடு ஓடுதான்னு நேர்மையா பாருங்க. எங்க சித்தப்பாவுக்கு ஏரிதான் வருமானம். முகத்துவாரம் மணல் அடைச்சா மீன் குறையும், புயல்னா படகு கரையிலயே நிற்கும். அந்த மாசங்கள்ல மளிகைக் கடன் அடைச்சது இவ 16,500-தான். அவர் கோபத்துல பாதி பெருங்காயத்தைப் பத்தி இல்லை, இதைப் பத்தின பயம். அதை அவரால வாய் விட்டுச் சொல்ல முடியலை. ஆறு மாச வீட்டுச் செலவைத் தனியா எடுத்து வைக்காம இந்த முடிவை எடுக்காதீங்க.

கடைசியா ஒரு கேள்வி

ஆஸ்பத்திரியில வேலை பார்க்கணுமா, நோயாளிகிட்ட இருக்கணுமா? ரெண்டும் வேற வேற. ஆஸ்பத்திரி மட்டும் போதும்னா பி.காம்.க்கே அங்கே இடம் இருக்கு. பில்லிங், இன்சூரன்ஸ் டெஸ்க், மெடிக்கல் கோடிங், நிர்வாகம். மூணு வருஷச் சம்பளத்தை விட வேண்டியதில்லை.

இதை அவகிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சா. "பாட்டிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு இழுத்துச்சுண்ணா. அந்த சிஸ்டர் ஓடி வந்து தலையைத் தூக்கி வச்சு ஏதோ பண்ணினாங்க. அஞ்சு நிமிஷத்துல சரியாச்சு. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை. அது தெரிஞ்சுக்கணும்." இதுக்கு பில்லிங் டெஸ்க் பதில் இல்லைன்னு எனக்குப் புரிஞ்சது.

ஆக முடிவு இப்படி. இந்த வருஷம் சேர்க்கை இல்லை, அடுத்த வருஷம். அதுவரைக்கும் 14 மாசம், மாசம் 7,000 ஆர்.டி. வட்டி இல்லாமலே 98,000, முதல் வருஷச் செலவுக்கு. வீட்டுக்கான ஆறு மாசச் செலவுக்கு சித்தி சீட்டுப் பணத்தை ஒதுக்கியிருக்காங்க. முதல்ல அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம், கிடைக்கலைன்னா ரெண்டு கவுன்சில் அங்கீகாரமும் உள்ள தனியார் கல்லூரி. ஒரு வருஷம் தள்ளிப் போனதால நார்செட் எழுதும்போது வயசு 30 ஆகிடும். ஓ.பி.சி. தளர்வு இருக்கறதால அவளுக்கு அது தாங்கும். உங்களுக்குத் தாங்குமான்னு உங்க வயசைப் போட்டுப் பாருங்க.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். சித்தப்பா வலை பிரிச்சுக்கிட்டு இருந்தார். இன்னும் முழுசா சமாதானம் ஆகலை. "அந்தக் கணக்குச் சீட்டை இன்னொரு தடவை காட்டு" என்று வாங்கிப் பார்த்தார். 8,94,000-ங்கிற இடத்துல விரலை வச்சு, "இவ்ளோவா?" என்றார். "ஆமா சித்தப்பா, இவ்ளோ." "சரி, தெரிஞ்சுதானே போறா" என்று சீட்டை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டார்.

இந்தக் கணக்கை உங்க சம்பளம், உங்க வயசு, உங்க பிளஸ் டூ குரூப் போட்டு எப்படிச் செய்யறதுன்னு நம்ம சேனல்ல வீடியோவா போடறேன். பார்த்துட்டு, வீட்டுல உட்கார்ந்து அப்பா அம்மாவோட சேர்ந்து போட்டுப் பாருங்க. தனியா போடாதீங்க.

அடுத்த வாரம் சந்திப்போம்.